நகரின் அடையாளம் எது?

புதிய கட்டிடமொன்று திறந்து வைக்கப்படும் ஒவ்வொரு முறையும் மேடையிலே ஒரு வாசகம் தவறாமல் ஒலிக்கின்றது. "இக்கட்டிடம் இனிமேல் இந்நகரின் அடையாளமாக விளங்கும்" என்பதே அது. நாடா வெட்டப்படுகின்றது, பெயர்க்கல்லின் திரை விலக்கப்படுகின்றது, மறுநாட் பத்திரிகைகளில் அவ்வாசகம் கொட்டை எழுத்துக்களில் வெளிவருகின்றது. ஆனால், அடையாளம் என்பது பிரகடனத்தினால் உண்டாவதொன்றா? புதியதொரு பொதுக் கட்டிடம் ஒரு நகரின் அடையாளமாக முடியுமா? முடியுமாயின், எந்நிலையில் முடியும்? அழகியற் பிரச்சினைபோலத் தோன்றும் இவ்வினா அடிப்படையில் ஓர் அறவியற் பிரச்சினையாகும். பொதுமக்களின் பெயரால் எழுப்பப்படுவது உண்மையில் எவருக்கு உரியது என்ற கேள்வி அதனுள்ளே அடங்கியிருக்கின்றது.

"அடையாளம்" என்ற சொல்லை நாம் இரு பொருளில் வழங்கி வருகின்றோம். வெளியூரார் ஒரு நகரைக் கண்டுகொள்ள உதவும் குறி என்பது ஒன்று. தபாலட்டையிலும் விமான நிலையச் சுவரிலும் காணப்படுவது இதுவே. அந்நகரில் வாழ்வோர் தம்மைத் தாமே கண்டுகொள்ளும் இடம் என்பது மற்றொன்று. முதலாவதைப் பணமும் பொறியியலும் சில ஆண்டுகளில் ஆக்கிவிடலாம். இரண்டாவதை ஆக்குவோர் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதிலேதான் மேடைப் பேச்சாளர்கள் தவறிவிடுகின்றனர் என்று கருதுகின்றோம்.

கொழும்பிலே பேரை வாவிக் கரையில் நிற்கும் தாமரைக் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 350 மீற்றருக்கு மேல் உயர்ந்த அக்கோபுரத்தின் வேலைகள் 2012 இல் ஆரம்பமாயின. சீன வங்கியொன்றின் கடனே செலவின் பெரும்பகுதியைத் தாங்கிற்று. 2019 செப்டெம்பரில் ஆரவாரத்துடன் திறப்பு விழா நடந்தது. ஆயினும் 2022 செப்டெம்பரிலேதான் நுழைவுச் சீட்டுப் பெற்று மக்கள் மேலே செல்ல முடிந்தது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென நாடு அறிவித்ததும் அதே ஆண்டின் ஏப்ரலிலேயாகும். எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற அந்நாட்களில், கொழும்பின் எத்திசையிலிருந்தும் அக்கோபுரம் தெரிந்துகொண்டேயிருந்தது. ஆனால் மக்கள் அதன் அடியிற் கூடவில்லை. அவர்கள் காலிமுகத்திடலுக்குச் சென்றனர். 1930 இல் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டிடமாகிய ஜனாதிபதி செயலகத்தின் முன்னே கூடாரமிட்டனர். அக்கூடாரங்களிடையே ஒரு நூல்நிலையத்தையும் அமைத்தனர். கண்ணுக்குத் தெரிவது வேறு, நெஞ்சுக்குத் தெரிவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதனால், புதியது எதுவும் அடையாளமாகாது, பழமை ஒன்றே அவ்வுரிமையைத் தரும் என்று முடிவு கட்டலாமா? அவ்வாறு கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. பரிஸ் நகரின் ஐபெல் கோபுரம் எழத் தொடங்கிய 1887 இல், அந்நாட்டின் புகழ்பெற்ற எழுத்தாளரும் கலைஞரும் பலர் ஒன்றுசேர்ந்து அதனைக் கண்டித்துக் கையொப்பமிட்டனர். மாப்பசான் அவர்களுள் ஒருவர். 1889 ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கென எழுந்த அக்கோபுரத்துக்கு 20 ஆண்டு ஆயுளே குறிக்கப்பட்டிருந்தது. கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டமையால் அது பிழைத்தது. அழகைப் பற்றிய தீர்ப்புப் பின்னரே மாறிற்று. முதலில் அதனைக் காத்தது பயன்பாடு.

சிட்னி நகரின் இசைநாடக அரங்கு இன்னொரு பாடத்தைத் தருகின்றது. 1957 இல் நடந்த போட்டியில் டென்மார்க்கைச் சேர்ந்த உட்சன் என்பார் வரைந்த அமைப்புத் தெரிவாயிற்று. 70 இலட்சம் டொலருக்கு மதிப்பிடப்பட்ட வேலை, 1973 இல் முற்றுப்பெற்றபோது 10 கோடி டொலரைத் தாண்டியிருந்தது. அதிர்ஷ்டலாபச் சீட்டுக்கள் வாங்கிய சாதாரண மக்களின் பணமே அதிற் பெரும்பங்கு. அரசுடன் முரண்பட்டு 1966 இல் விலகிய உட்சன், தாம் கனவு கண்ட கட்டிடத்தை நிறைவுற்ற நிலையிற் காணாமலே மறைந்தார். இவ்வரலாற்றில் எம்மைப் பெரிதும் ஈர்க்கும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1960 நவம்பரில், அரைகுறையாக நின்ற அக்கட்டிடத்துக்கு நீக்ரோ மக்களின் மாபெரும் பாடகரான போல் றொப்சன் வந்தார். சாரங்களின் மேல் அமர்ந்திருந்த தொழிலாளருக்காக அவர் பாடினார். திறப்பு விழாவில் எலிசபெத் மகாராணியார் கலந்துகொள்வதற்குப் பதின்மூன்று ஆண்டுகளின் முன்னரே, சீமெந்து குழைத்த கைகளுக்கு அங்கே முதற் கச்சேரி நடந்துவிட்டது.

அதே கட்டிடத்தில் 2003 மார்ச்சில் வேறொன்றும் நிகழ்ந்தது. ஈராக் போர் தொடங்கவிருந்த வேளையில் இருவர் அதன் உச்சியிலேறி, "போர் வேண்டாம்" என்று செந்நிறத்தில் எழுதினர். அவர்கள் தண்டிக்கப்பட்டனர். அச்செயல் முறையா என்பது இங்கு எமது விசாரணையன்று. ஒரு நகரம் தன் மனச்சாட்சியைப் பொறிக்க எந்தச் சுவரைத் தேர்ந்தெடுக்கின்றது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. இதிலிருந்து ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்ளலாம். எதன் முன்னே மக்கள் தம் வழக்கைக் கொண்டுவந்து வைக்கின்றனரோ, எதனைப் பற்றி "இது எமது, இதில் எமக்குப் பேச்சுண்டு" என்று வாதாடுகின்றனரோ, அதுவே அந்நகரின் அடையாளம். எவரும் வாதிடாத கட்டிடம் எத்துணை உயர்ந்ததாயினும் வெறும் காட்சிப் பொருளேயாகும்.

இவ்வளவுகோலுடன் எமது யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1933 இல் கே. எம். செல்லப்பா என்பார் தம் வீட்டிலே சில நூல்களுடன் தொடங்கிய முயற்சியே யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தின் வித்து. 1954 இல் புதிய கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அமைப்பை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் ஆலோசனை கூறினார். மக்களின் நன்கொடையோடு வெளிநாட்டு உதவியும் சேர்ந்தது. 1959 ஒக்டோபரில் அது திறக்கப்பட்டது. ஆகவே அதுவும் ஒரு காலத்திற் புதிய கட்டிடமே. அதன் குவிமாடம் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலிருந்து பிறந்ததன்று. தோற்றத்தில் அந்நியமான அக்கட்டிடம் எவ்வாறு எமதாயிற்று?

அதன் மேசைகளினால் ஆயிற்று என்பதே எமது விடை. அக்காலத்து யாழ்ப்பாணத்தை நாம் அழகுபடுத்திக் கூறவேண்டியதில்லை. தேநீர்க் கடைகளும் ஆலயங்களும் சாதியின் பெயரால் எமது மக்களில் ஒரு பகுதியினருக்குக் கதவடைத்திருந்த காலம் அது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. அத்தகைய சமுதாயத்திலே, நகர மக்களின் வரிப்பணத்தில் நிற்கும் ஒரு நூல்நிலையத்தின் மேசை, கொள்கையளவிலேனும், எவருக்கும் மறுக்க முடியாததொன்று. வீட்டில் விளக்கில்லாத மாணவனும் சம்பளத்தில் நூல் வாங்க இயலாத ஆசிரியனும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து வாசிக்கலாம். இவ்வுரிமையே அக்கட்டிடத்துக்கு உயிர் தந்தது.

1981 இல் ஓர் இரவு, தேர்தலையொட்டி நகரிற் குவிக்கப்பட்டிருந்த பொலிசாரும் காடையரும் அதற்குத் தீயிட்டனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. திறக்கப்பட்டு 22 ஆண்டுகள்கூட நிறையவில்லை. எரிந்ததனாலேதான் அது அடையாளமாயிற்று என்று சிலர் கூறுவர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. எரிக்கப்பட்ட கட்டிடங்கள் இந்நாட்டிற் பல. அவை யாவற்றுக்காகவும் ஒரு நகரம் முழுவதும் அழுததில்லை. தீ அந்த உறவைப் படைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த உறவை உலகுக்குக் காட்டிற்று. எரித்தவர்களும் அதனை அறிந்தே அக்கட்டிடத்தைத் தேர்ந்தனர். பிற்காலத்தில் அது திருத்தப்பட்டு வெண்ணிறம் பெற்றபோதும், காயத்தின் வடுவை மறைக்கலாமா என்ற வாதம் எழுந்தது. 2003 இல் நடக்கவிருந்த திறப்பு விழா எதிர்ப்பினால் நின்றது. இவ்வாதங்களும் அதே உரிமையின் வெளிப்பாடுகளே.

இன்று அந்நூல்நிலையத்துக்கு அருகே, புல்லுக்குளத்தின் பக்கத்தில், புதிய கலாசார மையம் உயர்ந்து நிற்கின்றது. இந்திய அரசின் நன்கொடையில் எழுந்த அதில் 600 பேருக்கு மேற்பட்டோர் அமரும் அரங்கும், அருங்காட்சியகமும், பதினொரு மாடிக் கற்றற் கோபுரமும் உள்ளன. 2023 பெப்ரவரியில் அது மக்களிடம் கையளிக்கப்பட்டது. அயல்நாட்டின் கொடை என்பதனால் அது எமதாகாது என்று நாம் கூறமாட்டோம். நகரின் மணிக்கூட்டுக் கோபுரம் 1875 இல் வந்த பிரித்தானிய இளவரசரின் நினைவாக எழுந்தது. இன்று அதனடியில் எவரையேனும் காத்து நிற்போர்க்கு இளவரசரின் நினைவு வருவதில்லை. கட்டியவரின் நோக்கம் கட்டிடத்தின் விதியை இறுதியாகத் தீர்மானிப்பதில்லை.

2025 ஜனவரியில் அம்மையத்துக்குத் திருவள்ளுவரின் பெயர் சூட்டப்பட்டபோது, "யாழ்ப்பாணம்" என்ற சொல் விடுபட்டதே எனப் பலர் கொதித்தெழுந்தனர். பின்னர் அச்சொல் பெயரிற் சேர்க்கப்பட்டது. வள்ளுவரைக் குறித்து எவருக்கும் பகையில்லை. எம்மைக் கேளாமல் எமக்குப் பெயரிடலாமா என்பதே வினா. இவ்வாதத்தை வீண் சச்சரவு என்று சலித்துக்கொண்டவர்களும் உளர். நாமோ அதனை நற்குறியாகக் கொள்கின்றோம். அக்கட்டிடத்தின் மீது நகரம் உரிமை கொண்டாடிய முதல் நாள் அது.

ஆனால் பெயரோடு உரிமை முடிந்துவிடக் கூடாது. சென்ற தவணையில் நாம் கற்பிக்கும் பாடசாலையில், தரம் ஒன்பது மாணவரிடம் யாழ்ப்பாணத்தைக் குறிக்கும் ஒரு கட்டிடத்தை வரையுமாறு கூறினோம். பலர் நூல்நிலையத்தை வரைந்தனர். சிலர் நல்லூர்க் கோபுரத்தை வரைந்தனர். கொழும்பையே காணாத ஒரு பையன் தாமரைக் கோபுரத்தை வரைந்தான். புதிய மையத்தை ஒரே ஒரு மாணவி வரைந்திருந்தாள், கதவை வரையவில்லை. காரணம் கேட்டோம். "நான் வெளியிலை நிண்டுதான் பாத்தனான் சேர். உள்ளுக்கை எங்களை விடுவினமோ தெரியாது" என்றாள். அவளை எவரும் தடுத்ததில்லை. கேட்டுப் பார்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. பளபளக்கும் வாயில்கள் தமக்குரியனவல்ல என்பதை எமது சமுதாயம் அவளுக்கு முன்னரே கற்பித்துவிட்டிருந்தது. அவளுக்கு அன்று நாம் தக்க மறுமொழி கூறவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த மௌனமே.

ஆகவே அம்மையத்தைக் குறித்து நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மிக எளியவை. வட்டுக்கோட்டைக் கூத்துக் கலைஞர் அவ்வரங்கின் வாடகையைத் தாங்குவரா? தீவகத்துப் பாடசாலையொன்றின் நாடகம் அங்கே மேடையேறுமா? படிக்க மேசையில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கற்றற் கோபுரத்தில் ஓர் ஆசனம் உண்டா? அதன் தரையைத் துடைப்பவரின் குடும்பம் அங்கே ஒரு மாலைப்பொழுதைக் கழிக்குமா? விடைகள் "ஆம்" என அமையுமாயின், கொடையாகக் கிடைத்த அக்கட்டிடம் சில ஆண்டுகளில் எமதாகிவிடும். "இல்லை" என அமையுமாயின், அது வெளியூராரின் படக்கருவிக்கு மட்டுமே அடையாளமாக எஞ்சும்.

புதிய கட்டிடம் நகரின் அடையாளமாக முடியும். கட்டியவர் அதற்குச் சுவரைத் தரலாம். மக்களே வாயிலைத் தரவேண்டும். வாயில் தானாகத் திறக்கும் என்று காத்திருத்தல் ஆசிரியருக்கும் மாணவருக்கும் அழகன்று. அடுத்த தவணையில் அவ்வகுப்பினரை அழைத்துக்கொண்டு நாம் அங்கே செல்லவிருக்கின்றோம். உள்ளே செல்ல என்ன வேண்டும் என்று கேட்போம். கதவில்லாத அந்தப் படத்தை வரைந்த மாணவியே முதலிற் கேட்பாள்.