கல்லறை வாசலில் ஒரு வாதம்

தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட ஓர் இளைஞனின் அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நாம் சிலர் நின்றிருந்தோம். "அந்தக் காலத்தில் இவர்களை மந்திரித்த நிலத்தில் வைக்கவே விடமாட்டார்கள். பாவம் என்றால் பாவம்தானே?" என்றார் பெரியவர் ஒருவர். "சட்டமே குற்றமில்லை என்று விட்டுவிட்டது, நீங்கள் இன்னும் பாவக் கணக்கைப் புரட்டுகிறீர்களே!" என்றார் இளையவர் ஒருவர். குரல்கள் உயர்ந்தன. இருவரும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தனர் என்பதை வீடு திரும்பிய பின்பே நாம் உணர்ந்தோம்.

ஒரு செயல் தீயதா என்பது ஒரு வினா. அதைச் செய்தவரை அரசு தண்டிக்கலாமா என்பது வேறு வினா. அதைப் பற்றி வாய் திறப்பதே மானக்கேடா என்பது மூன்றாவது.

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஓராண்டு வரை சிறையிலிட வழிசெய்தது. 1994இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அப்பிரிவு செல்லாது என்றனர். 1996இல் ஐவர் அடங்கிய அமர்வு செல்லும் என்றது. பின்னர் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், அவரைப் பேணுவது அரசின் கடமை என்று கூறியது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவு இல்லை. (அரசு ஊழியரைப் பணியவைக்கச் செய்யும் முயற்சி மட்டும் குற்றமாகவே நிற்கிறது.) இதனால் சட்டம் தற்கொலையை நல்லதென்று சொல்லிவிட்டதா? சாவின் விளிம்பிலிருந்து மீண்டவனுக்குச் சிறை மருந்தாகாது என்று கண்டது, அவ்வளவே. இளையவர் இதைக் காணவில்லை.

பெரியவரின் நினைவிலும் பிழையில்லை. மனமறிந்து தற்கொலை செய்து, மனம் வருந்தாமல் இறந்தோருக்கு 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983இன் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992இல் வெளியான மறைக்கல்வி நூல் அச்செயலைக் கனமான தீமையென்றே இன்றும் கூறுகிறது. ஆயினும் கடும் மனக்குழப்பமும் அச்சமும் வேதனையும் செய்தவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களது மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் சேர்த்தே கூறுகிறது. செயலை நிறுப்பது ஒன்று, ஆளை நிறுப்பது மற்றொன்று. இரண்டாம் தராசு நம் கையில் இல்லை.

சட்டமும் மாறிற்று, திருச்சபையின் ஒழுங்கும் மாறிற்று. மாறாமல் நிற்பது ஊர்வாய்க்கு அஞ்சும் அச்சம். அது எந்த வாதத்துக்கும் வந்து நிற்பதில்லை. ஆகையால் தோற்பதும் இல்லை. அதற்கு அஞ்சித்தான் வீட்டார் "மாரடைப்பு" என்கிறார்கள். உயிர் ஊசலாடும் வேளையில் மருத்துவரிடமும் உண்மையை மறைக்கிறார்கள். தங்கைக்கு வரன் அமையாதே என்று கலங்குகிறார்கள். சாக நினைப்பவனும் அதற்கு அஞ்சியே எவரிடமும் சொல்லாதிருக்கிறான். இது நமக்குத் தெரியாததா?

வாசலில் அத்தனை நேரம் வாதாடிய நாம், துக்கம் விசாரிக்கப் போனபோது "சாப்பிட்டீர்களா, அம்மா?" என்றுதான் கேட்டோம். அவன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. முப்பதாம் நாள் திருப்பலிக்கு அந்தத் தாய் தாமே வந்தார். மகனின் பெயரை ஒரு தாளில் எழுதி, நான்காய் மடித்து, உபதேசியார் கையில் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் அமர்ந்தார்.