மடியும் தரையும்



பிரகலாதன் என்றதும் தூணும் நரசிம்மமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். இன்றைக்கு அவனைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகப் பார்ப்போம். பாகவதம் ஏழாம் ஸ்கந்தத்தில் அப்படித்தான் வருகிறான்.

இரணியன் மகனை மடியில் தூக்கி வைத்து, உச்சி முகர்ந்து, என்ன படித்தாய் என்று கேட்கிறான். எவ்வளவு பாசம்! ஆனால் பிள்ளை சொன்ன பதில் பிடிக்கவில்லை. மடியிலிருந்து தரையில் தள்ளிவிடுகிறான்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? எஸ்.எஸ்.எல்.சி.யில் ஃபுல் ஏ பிளஸ் வந்தால் மடி. ஒன்று குறைந்தால் தரை!

பிரகலாதன் எப்படித் தாங்கினான்? அவன் கருவில் இருந்தபோது, இந்திரன் பிடித்துப் போன தாய் கயாதுவை நாரதர் மீட்டு ஆசிரமத்தில் வைத்துக் காத்தார். நல்லது சொன்னார். பயந்துபோன தாய்க்குக் கிடைத்த அந்த ஆதரவுதான் பிள்ளைக்குத் தைரியமானது. அடித்து வரவழைத்த தைரியம் இல்லை அது.

கேரள எல்லையில் வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சுமை அதிகம். சித்தூர், கொழிஞ்சாம்பாறையில் வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். மூணாறு தேயிலைத் தோட்ட லயங்களில் அம்மா காலையிலேயே கொழுந்தெடுக்கப் போய்விடுகிறாள். 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர்கள் போயின. மழைச் சத்தத்துக்கு நடுங்கும் பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாதீர்கள்.

சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் பிள்ளை ஒதுங்கினால் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். 'செத்துப்போகணும்னு தோணுதா?' என்றே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கயிறு மந்திரித்துக் கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரிடமும் கூட்டிப்போங்கள். பள்ளியில் கவுன்சிலர் இருந்தால் பாருங்கள். தொலைபேசி உதவி எண்களான டெலி மானஸ் 14416, கேரளத்தின் திசா 1056 இரண்டும் எந்நேரமும் பேசக் கிடைக்கும். உதவி கேட்பது பக்திக் குறைவு ஆகாது. நாரதரைத் தேடிப் போவதுதான் அது.

கதையின் முடிவைப் பாருங்கள். நரசிம்மத்தின் கோபத்துக்கு முன்னால் தேவர்களே பயந்து நின்றார்கள். பிரகலாதன் அருகில் போனான், அவன் தலையில் கைவைத்தார் பகவான். வரம் கேள் என்றதும், தன்னைத் தள்ளிய அப்பனின் பாவம் தீரவேண்டும் என்றல்லவா கேட்டான்! பிள்ளைகளுக்கு நம்மை மன்னிக்கும் மனசு இருக்கிறது. கேட்கும் மனசு நமக்குத்தான் வரவேண்டும். இன்றிரவு மார்க்கை விட்டுவிட்டு, 'இன்னைக்கு எப்படி இருந்தே கண்ணு?' என்று கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டாலும் முழுக்கக் கேளுங்கள்.

லக்ஷ்மி நரசிம்மன் எல்லாப் பிள்ளைகளையும் காக்கட்டும்.