அடமானத்தில் ஒரு வீடு

ஹாலிவுட் இயக்குநர் எம். நைட் ஷியாமளன் தன் வீட்டை அடமானம் வைத்து ஒரு படம் எடுத்தார். 2015இல் வெளிவந்த 'தி விசிட்' அந்தப் படம். கடன்பட்டுப் படம் எடுத்தவர்கள் தமிழ்த் திரையுலகில் ஏராளம் என்பதால் இது பழைய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பத்திரத்தை நீட்டியவர் முதல் வாய்ப்புக்கு அலையும் இளைஞர் அல்ல. ஒரே படத்தில் 67 கோடி டாலர் வசூலைப் பார்த்தவர். அடுத்தவர் பணத்தில் 13 கோடி, 15 கோடி டாலர் செலவில் படங்கள் எடுத்து முடித்திருந்தவர். அப்படிப்பட்டவருக்கு வீட்டுப் பத்திரத்தைக் கையில் எடுக்க என்ன அவசியம்? அவருடைய வாழ்க்கையை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் இந்தக் கேள்வி வந்து குறுக்கே நிற்கிறது.

மனோஜ் நெல்லியாட்டு ஷியாமளன் பிறந்தது 1970 ஆகஸ்ட் 6 அன்று, மாஹேயில். கேரளக் கரையில் இருந்தாலும் மாஹே புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட ஊர். தந்தை மலையாளி, நரம்பியல் மருத்துவர். தாய் தமிழர், மகப்பேறு மருத்துவர். தந்தை படித்தது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில். புதுச்சேரிக்கு வடக்கே பிரம்மதேசம், மரக்காணம் பக்கத்து மக்களுக்கு ஜிப்மர் என்பது ஒரு கல்லூரியின் பெயராக மனதில் படிவதில்லை. உள்ளூர் ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, நோயாளியோடு பஸ் ஏறிப் போய் கோரிமேட்டில் இறங்கி, விடியற்காலையில் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் இடம் அது. அங்கே படித்துத் தேறிய ஒருவரின் மகன் ஹாலிவுட்டில் பேர்பெற்ற இயக்குநர் ஆனார் என்பது இந்தக் கரையில் அதிகம் பேருக்குத் தெரியாது.

பிறந்த சில வாரங்களிலேயே குழந்தையோடு குடும்பம் அமெரிக்கா போய்விட்டது. பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவை ஒட்டிய பென் வேலியில் வளர்ந்தார். வீட்டில் இந்து வழிபாடு, படித்தது கத்தோலிக்கப் பள்ளி. சிறுவயதிலேயே சூப்பர் 8 கேமரா கைக்கு வந்தது. பதின்வயது முடிவதற்குள் வீட்டுப் படங்களாக நாற்பதுக்கும் மேல் எடுத்துத் தள்ளினார். மகனும் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். தாய் மகனின் ஆசைக்குத் துணை நின்றார். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப் பள்ளியில் சேர்ந்த காலத்தில்தான் 'நைட்' என்ற பெயரைத் தானே வைத்துக்கொண்டார்.

முதல் படம் 'பிரேயிங் வித் ஆங்கர்', 1992. அமெரிக்காவில் வளர்ந்த ஓர் இந்திய இளைஞன் படிப்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு வந்து, தன் வேர்களோடு முட்டி மோதும் கதை. படம் பிடித்தது சென்னையில். எழுத்து, இயக்கம், தயாரிப்பு, நாயகன் வேடம் எல்லாம் அவரே. செலவுக்கான பணம் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் வாங்கிய கடன். ஆக, கடன்பட்டு எடுப்பது அவருக்குப் புதிதல்ல. படத் தொழிலுக்குள் அவர் நுழைந்ததே அந்த வழியாகத்தான். அடுத்து ஒரு நிறுவனத்துக்காக எடுத்த 'வைட் அவேக்' 1995இல் படமாகியும் 1998இல்தான் திரைக்கு வந்தது. தாத்தா இறந்த பிறகு கடவுளைத் தேடி அலையும் கத்தோலிக்கப் பள்ளிச் சிறுவனைப் பற்றிய அந்தப் படம் வந்த சுவடு தெரியாமல் போயிற்று.

'தி சிக்ஸ்த் சென்ஸ்' கதையை டிஸ்னி நிறுவனத்தில் தயாரிப்புத் தலைவராக இருந்த டேவிட் வோகல் படித்த மாத்திரத்தில் 30 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஷியாமளனே இயக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் ஏற்றார். மேலிடத்தில் ஒப்புதல் கேட்கவில்லை. 1999 ஆகஸ்ட் 6, இயக்குநரின் 29ஆவது பிறந்தநாளன்று படம் வெளியானது. 4 கோடி டாலர் செலவு, 67 கோடி வசூல், ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள். அவற்றில் சிறந்த இயக்குநருக்கானதும் ஒன்று.

எண்களை விட அந்தப் படத்தின் ஒரு காட்சி அவரை நன்றாகக் காட்டும். திருமண நாள் இரவு. உணவகத்தில் மனைவி தனியாகக் காத்திருக்கிறாள். கணவன் தாமதமாக வந்து எதிரே உட்கார்ந்து, சமாதானமாகப் பேசிக்கொண்டே போகிறான். அவள் முகம் கொடுப்பதில்லை. பில் வருகிறது, அவளே எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகிறாள். கோபக்கார மனைவி என்றே முதல் தடவை பார்ப்பவர் எண்ணிக்கொள்வார். முடிவைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்க்கையில் அதே காட்சி, ஒரு சொல்லும் மாறாமல், வேறொன்றாகிவிடுகிறது. பணத்தால் வாங்க முடியாத வித்தை இது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இரண்டு நடிகர்கள் போதும்.

பிறகு 'அன்பிரேக்கபிள்', 'சைன்ஸ்', 'தி வில்லேஜ்'. 2002இல் 'நியூஸ்வீக்' இதழ் அவரை அட்டையில் போட்டு, அடுத்த ஸ்பீல்பெர்க் என்றது. 31 வயதில் ஒருவர் தலையில் ஏற்றக்கூடாத சுமை அது. டிஸ்னியை விட்டு விலகி வார்னர் நிறுவனத்துக்காக எடுத்து 2006இல் வந்த 'லேடி இன் தி வாட்டர்' 7 கோடி செலவுக்கு ஏறக்குறைய அதே அளவு வசூலோடு நின்றது. 2008இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. அதே ஆண்டில் வந்த 'தி ஹேப்பனிங்' கேலிக்கு ஆளானது. 15 கோடியில் எடுத்த 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்', 13 கோடியில் எடுத்த 'ஆஃப்டர் எர்த்' இரண்டும் காசு பார்த்தன, பேர் வாங்கவில்லை. உணவக மேசைக் காட்சியை எழுதியவரின் கை அவற்றில் எங்கே என்று தேடத்தான் வேண்டும்.

தமிழ்ப் படவுலகிலும் இப்படி ஒரு பத்திரக் கதை உண்டு. ஜெமினி எஸ்.எஸ். வாசன் 'சந்திரலேகா'வை ஆண்டுக்கணக்கில் எடுத்தார். செலவு 30 லட்சம் ரூபாயைத் தொட்டது. சொத்துகள் அடகுக்குப் போயின. 1948இல் தமிழில் வந்த படம் போட்ட முதலைத் திருப்பித் தராதபோது, அதே ஆண்டு இந்தியில் வெளியிட்டு வட இந்தியா முழுக்க அந்தப் படத்துப் பறைகளின் ஓசை கேட்கும்படி செய்தார். வாசன் அடகு வைத்தது படத்தைப் பெரிதாக்க. ஷியாமளன் அடமானம் வைத்தது படத்தைச் சிறிதாக்க. ஊர் முழுக்கப் பேசப்பட்டது முதல் வகைத் துணிச்சல்தான். இரண்டாவது வகைக்கு நம்மிடம் பெயர்கூட இல்லை.

'தி விசிட்' படத்துக்கு ஆன செலவு 50 லட்சம் டாலர். 'ஆஃப்டர் எர்த்' படத்தின் செலவில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட வராது. அதுவரை பார்த்திராத தாத்தா பாட்டியோடு சில நாள் தங்கப் போகும் அக்காவும் தம்பியும், தாங்களே கேமரா பிடித்து எடுப்பதுபோல் நகரும் கதை. முதல் வடிவத்தை லாஸ் ஏஞ்சலஸ் கொண்டுபோய்க் காட்டினார். பட நிறுவனங்கள் வேண்டாம் என்றன. பத்திரம் கடன்காரரிடம், படம் வாங்க ஆளில்லை. ஊர் திரும்பி மறுபடி படத்தொகுப்பில் உட்கார்ந்தார். பிறகு யுனிவர்சல் எடுத்துக்கொண்டது. வசூல் 9 கோடியே 80 லட்சம்.

அவர் வீட்டைக் கொடுத்து வாங்கியது என்ன என்பது இங்கே தெரிகிறது. ஹாலிவுட்டில் பெரும்பாலும் பணம் போடுபவருக்கே கடைசி வெட்டை, அதாவது இறுதித் தொகுப்பை, முடிவுசெய்யும் உரிமை. ஆள்சேர்ப்பிலிருந்து முடிவு வரை பத்துப் பேர் கருத்துச் சொல்வார்கள். சொந்தப் பணம் என்றால் தவறும் தன்னுடையது, திருத்துவதும் தன் கையில். நிராகரிக்கப்பட்ட படத்தை வேறு யாரும் வெட்டிக் குதறாமல் அவரே திருத்த முடிந்தது அந்த அடமானத்தால்தான்.

இதைத் துணிவு என்று முடித்துவிட, கடனின் வேறு முகத்தைக் காட்டும் மரக்காணம் உப்பளம் விடுவதில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் கரைந்து வேலை நிற்கும். அந்த மாதங்களில் உப்பளத் தொழிலாளி வாங்கும் முன்பணம் அடுத்த பருவத்து உழைப்புக்கே அடமானம். மழை விட்டதும் சேற்றை வழித்து, தரையைக் காலால் மிதித்து இறுக்கி, பாத்தி கட்டி, மறுபடி உப்புநீர் பாய்ச்சுவதில் அவருக்கு ஒரு கடைசி உரிமையும் கிடைப்பதில்லை. கடன் ஒருவருக்கு விடுதலையாகவும் இன்னொருவருக்குத் தளையாகவும் ஆவது, கையெழுத்துப் போடும்போது வேறு வழி இருந்ததா என்பதைப் பொறுத்தது. ஷியாமளனுக்கு வேறு வழிகள் இருந்தன. அப்படியானால் அது துணிவா, வசதி கொடுத்த சுதந்திரமா? வீடு போனாலும் தெருவுக்கு வராதவரின் பந்தயத்தை எப்படி எடைபோடுவது? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எந்தப் பக்கம் கனம் என்று தீர்ப்புச் சொல்ல இயலவில்லை.

நடந்தது இவ்வளவு. அடுத்து வந்த 'ஸ்பிளிட்' 90 லட்சம் டாலரில் முடிந்து 27 கோடிக்கு மேல் ஈட்டியது. 'கிளாஸ்' படத்துக்கு ஆன 2 கோடியை அவரே போட்டார். 'ஓல்டு', 'நாக் அட் த கேபின்', 'ட்ராப்' என்று தொடர்ந்தவையும் முன்போல் 15 கோடிப் படங்கள் அல்ல. 2024இல் மகள் இஷானா முதல் படத்தை இயக்கினார். 'தி சிக்ஸ்த் சென்ஸ்' பார்த்துவிட்டு அவரை மறந்துபோன வாசகர்கள், 'தி விசிட்' படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.