கருணைக்கு வாரிசு உண்டா?

தேவாரத்தில் மலை என்றால் பிழைப்பு என்றுதான் பொருள். விடியுமுன்பே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் புறப்பட்டுவிடும். அதில் போகிறவளுக்கு அங்கே காய்ச்சல் கண்டால் யார் பார்ப்பது? இதைப் பற்றி ஒரு பெரியவரோடு ஒருமுறை வாதாடினேன்.

மலைமேல் அவருக்குச் சிறிய தோட்டம், பத்துப்பேர் வேலை. மெய்யாகவே நல்லவர். ஆளுக்கு நோவென்றால் தம் செலவில் வைத்தியம் பார்ப்பார். "மனசு இருக்கிறவனுக்குச் சட்டம் எதுக்குத் தம்பி? மனசு இல்லாதவனைச் சட்டம் என்ன செஞ்சிடும்?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

பெரியவர் காலமானார். தோட்டம் கைமாறியது. புதியவரும் கொடியவரல்லர், கணக்குப் பார்ப்பவர், அவ்வளவுதான். அங்கே இருபது வருஷம் காய் எடுத்த கிழவி ஒருத்தி இருமலோடு வீட்டுத் திண்ணையில் கிடந்தாள். "மொதலாளி மகராசன், ஐயா. எல்லாம் அவரோடயே போயிருச்சு" என்றாள்.

பெரியவருக்கு நான் சொல்லத் தவறிய பதில் அதுதான். நிலத்துக்கு வாரிசு உண்டு, கருணைக்கு இல்லை.

அப்படியானால் சட்டம் அவளைக் காத்ததா? அதுவும் இல்லை. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. வைத்திய வசதியும், பிள்ளைகளுக்குக் காப்பகமும் முதலாளியின் கடமை என்றது. ஆனால் 25 ஏக்கரும் 30 ஆட்களும் இருந்தால்தான் அது தோட்டம். தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனாவைப் பெயர் சொல்லிக் குறித்த அந்தச் சட்டத்தில் ஏலக்காயின் பெயர் ஏறியது 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அப்போது வரம்பும் 5 ஹெக்டேர், 15 ஆட்கள் என்று இறங்கியது. கிழவி வேலை பார்த்ததோ பத்துப்பேர் தோட்டம். பதினைந்தாவது ஆளோடு வந்தால்தான் காய்ச்சல் காய்ச்சலாகுமா?

இதைக் கண்டு சட்டமே வீண் என்று கைகழுவிவிடலாமா? கூடாது என்பேன். முப்பது பதினைந்தாயிற்றே! போதாது என்று கேட்க இடமிருந்ததால்தானே ஆயிற்று? சட்டத்தின் குறை எழுத்தில் இருக்கிறது, சுட்டிக்காட்டலாம், திருத்தலாம். மனிதனின் மனசைத் திருத்த எந்தச் சபையில் மசோதா கொண்டுவருவது? பெரியவரிடம் அந்தக் கிழவி வைத்தியம் பெற்றாள். கேட்கும் உரிமையைப் பெறவில்லை. கொடுப்பவர் போனதும் கேட்க வாயில்லாமல் போனது அதனால்தான்.

பழைய சட்டத்தை நீக்கிப் புதிய தொகுப்புச் சட்டம் ஒன்றை 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எது வந்தாலும் அதன் கோடு எங்கே விழுகிறது, கோட்டுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்பதையே நாம் முதலில் பார்க்க வேண்டும்.

சட்டம் மருந்து கொடுக்கச் சொல்லும். நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லாது. பெரியவர் தொட்டுப் பார்ப்பார். அந்தக் கையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கை இல்லாத நாளிலும் கிழவிக்கு மருந்து கிடைத்தாக வேண்டும்.