கெட்டிமேளக்காரருக்கு ஒரு நன்றி

கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் வாசிப்பவர்களைப் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காப்பி டம்ளரோடு கடந்து போகிறோம். போனில் பேச முடியவில்லையே என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு.

ஆனால் ஐயர் விரலை உயர்த்தி “கெட்டிமேளம்!” என்றதும், பாதி ராகத்தை அப்படியே விட்டுவிட்டு முழங்குகிறார்கள். அந்த நேரத்தில் தும்மலோ அபசகுனப் பேச்சோ யார் காதிலும் விழக்கூடாதாம். நம் வீட்டு நல்ல காரியத்துக்காகத் தங்கள் கலையையே பாதியில் நிறுத்தும் பெருந்தன்மை வேறு எந்த வித்வானிடம் இருக்கிறது?

கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். தவில்காரரின் வலது கை விரல்களில் துணியும் மாவுப் பசையும் சுற்றி இறுகிய கூடுகள். இடது கையில் குட்டையான கழி. நாதஸ்வரத்தில் தொங்குவது அலங்காரம் மட்டுமல்ல, ஊதுவதற்கான மாற்றுச் சீவாளிகளும்தான். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளில் பல்லாண்டு கிடந்து காய்ந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி வந்து இந்த வாத்தியத்தைக் கடைகிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இடித்த வீட்டு உத்தரம் இன்னொரு வீட்டுக் கல்யாணத்தில் தோடி பாடுகிறது!

அடுத்த முகூர்த்தத்தில் மொய் எழுதிய கையோடு அவர்கள் பக்கமும் போய் வாருங்கள். வாசித்தது என்ன ராகம் என்று தெரியாவிட்டால் பரவாயில்லை. “வாசிப்பு நல்லா இருந்துச்சுண்ணே” போதும்.