காண்பவர் கடன்

வெளிநாடு சென்று, செய்யவேண்டிய வேலை ஒன்றுமின்றி, காலை முதல் மாலை வரை ஒரு நகரைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எல்லோர்க்கும் கிட்டுவதன்று. அவ்வாறு கிட்டிய நாளைக் கண்ணுக்கு விருந்தாக மட்டும் கொள்வதா, அன்றிக் கருத்துக்கும் வேலை தருவதா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த வினா. போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் நாம் கழித்த ஒரு நாள் இவ்வினாவை எழுப்பிற்று.

டேகஸ் ஆறு அட்லாண்டிக் பெருங்கடலோடு கலக்குமிடத்திற்கு அருகே, குன்றுகளின்மேல் அமைந்த நகரம் அது. காலையில் ஆற்றங்கரையிலுள்ள வாணிகச் சதுக்கத்தில் நின்றோம். ஒருபுறம் நீருக்குள் இறங்கும் படிகள். ஏனைய மூன்று புறமும் மஞ்சள் நிற வளைவு மண்டபங்கள். அரசரின் அரண்மனையும், கீழ்நாட்டு வாணிகத்தை நடத்திய 'இந்திய மாளிகை'யும் முன்னர் இவ்விடத்தே இருந்தன. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாளன்று, மக்கள் தேவாலயங்களிற் கூடியிருந்த வேளையில் நிலம் நடுங்கிற்று, கடல் பொங்கிற்று, தீயும் மூண்டது. அரண்மனையும் மாளிகையும் அழிந்தன. தொழுதவர் தலைமீதே தேவாலயங்கள் இடிந்து வீழ்ந்தன. 'நடப்பன யாவும் நன்மைக்கே' என்னும் கொள்கையை எதிர்த்து வால்டேர் பாட்டெழுதினார். அமைச்சர் பொம்பாலோ, நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் எவ்வாறு எழுந்தது என்று ஊர்தோறும் வினாக்கள் விடுத்து விடை கேட்டார். துன்பம் வந்தவிடத்துக் காரணம் தேடுதலே அறிவுடைமை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நண்பகலில் டிராம் வண்டியேறிப் பெலேம் என்னும் பகுதிக்குச் சென்றோம். அங்குள்ள ஜெரோனிமோஸ் மடம் 1501ஆம் ஆண்டு கட்டத் தொடங்கப்பெற்றது. முறுக்கிய கயிறு போலவும் செடிகொடி போலவும் செதுக்கப்பெற்ற வெண்கற்களைக் கண்டு மெய்ம்மறந்து நின்றோம். கல்லைக் கனியவைத்த கைகளை வாழ்த்தினோம். ஆனால் இம்மடத்தின் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழ்நாடுகளிலிருந்தும் வந்த சரக்குகளின்மேல் நூற்றுக்கு ஐந்து வீதம் விதித்த வரியே அதற்கு முதல்.

மடத்துத் தேவாலயத்தினுள் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கின்றது. 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலைப் பெண்டிர் பிள்ளைகளோடு எரித்தவர் அவரே. 1511இல் அல்புகெர்க் மலாக்காவைக் கைப்பற்றி, பள்ளிவாசற் கற்களையும் மன்னர் சமாதிகளின் கற்களையும் கொண்டு அங்குக் கோட்டை எழுப்பினார். அக்கோட்டையில் இன்று எஞ்சி நிற்கும் வாயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத மலேசியர் எத்தனை பேர்?

மடத்திற்கு அருகே, முட்டையும் பாலும் சேர்த்துச் சுட்ட சிறு பணியாரத்தை 1837 முதல் விற்றுவரும் கடையொன்று உண்டு. கறுவாப்பட்டைத் தூளை மேலே தூவி உண்டோம். மிக இனித்தது. அந்தக் கறுவாவிற்காக இலங்கையில் எத்தனை பேர் மாண்டனர் என்னும் நினைவும் உடன் வந்தது.

இவ்விடத்து இருவகை விடைகள் எளிதிற் கூறப்படும். 'பழையன கழிந்தன, கல் என்ன பாவம் செய்தது? அழகைக் கண்டு மகிழ்ந்து போவதே முறை' என்பார் ஒரு சாரார். கல் குற்றமற்றதே. ஆயினும் அக்கல்லைக் காட்டிப் பெருமை பேசும் வாய் குற்றமற்றதன்று. பெலேம் ஆற்றங்கரையில் 1960இல் எழுப்பிய கண்டுபிடிப்பாளர் நினைவுச் சின்னத்தில் 33 உருவங்கள் உள்ளன. அவற்றுள் மிளகுக் கொடி நட்டவர் ஒருவரும் இலர். அடிமையாக விற்கப்பட்டவர் ஒருவரும் இலர்.

'குருதி தோய்ந்த அழகை ஏறெடுத்தும் பாரோம்' என்பார் மற்றொரு சாரார். இவர்கள் சொற்படி நடப்பின் உலகில் நாம் காண எஞ்சுவது யாது? தஞ்சைப் பெருங்கோயிலையும் பார்த்தலாகாது. சேரரையும் பாண்டியரையும் வென்று கவர்ந்த பொருளிலிருந்து அக்கோயிலுக்கு வழங்கியதை இராசராசன் கல்வெட்டே கூறுகின்றது. அவன் மைந்தன் இராசேந்திரனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில், இன்று கெடா எனப்படும் கடாரத்தைத் தாக்கிற்று. பெருநிதியையும் அணிவாயிலையும் கவர்ந்து வந்ததை அவன் மெய்க்கீர்த்தி பெருமையாகப் பாடுகின்றது. 'கடாரங்கொண்டான்' என்று மேடைதோறும் மார்தட்டுகின்றோம். மலாக்கா கொண்டவன் கொள்ளைக்காரன், கடாரம் கொண்டவன் வீரன் என்பது எந்த நீதி? இழந்தவன் கண்ணீருக்கு மொழியும் இனமும் உண்டோ? அதுவும், கெடா மண்ணில் பிழைத்து, கெடா மக்களோடு கலந்து வாழும் நம்மவர் அதனைச் சொல்லலாமோ?

ஆகவே, காணாதிருப்பதும் அறமன்று. கண்மூடி மகிழ்வதும் அறமன்று. அழகைச் செய்தவன் கல்தச்சன். அவனுக்கு நம் வியப்பு உரியது. அதற்கு விலை தந்தவன் பெயரறியாதவன். அவனுக்கு நம் நினைவு உரியது. இவ்விரண்டையும் ஒருங்கே செலுத்துவதே காண்பவர் கடன்.

இயலுமோ எனின், இயலும் என்பதற்கு அந்நகரமே சான்று தந்தது. மாலையில் சாந்து தொமிங்கோ தேவாலயத்தின் முன் ஒரு கல்லைக் கண்டோம். யூத மரபினின்று கிறிஸ்தவராக்கப்பட்டவர்களை 1506இல் அந்நகர மக்களே கொன்று குவித்தனர். அதனை மறைக்காது, 2008இல் அக்கல்லை நாட்டியிருக்கின்றனர். கோபுரம்போல் உயர்ந்ததன்று அது. ஏறிப் பார்ப்பாரும் இல்லை. எனினும், தன் பழியைத் தானே பொறித்து நடுத்தெருவில் வைக்கும் துணிவு கோபுரம் கட்டும் திறனினும் பெரிது என்போம்.

தமிழர்காள்! நம் முன்னோர் வென்ற ஊர்களைப் பாடியது போதும். அவ்வூரார் இழந்ததையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாள் எந்நாளோ?