பிறகும்

தருமபுரியில் இளங்கலை வகுப்பு. சிறப்பும்மைக்கு எடுத்துக்காட்டு கேட்டேன். "அனிதா பால்துரை தாயான பிறகும் கூடைப்பந்து ஆடினார்" என்றாள் அரூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி.

சரியான விடைதான். தெற்கு ரயில்வே வீராங்கனை அனிதா. இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். குழந்தை பிறந்தபின் களத்துக்குத் திரும்பினார். 2017இல் பெங்களூரில் மகளிர் ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவை இந்தியா வென்றபோது அணியில் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆனால் 'தந்தையான பிறகும் ஆடினார்' என்று எந்த வீரரையாவது எழுதுகிறோமா? தாய்மையோடு ஆட்டம் முடிந்துவிடும் என்று முன்பே தீர்ப்பெழுதியவர்கள்தாம் அவர் திரும்பியதை வியக்கிறோம். அந்த வியப்பு மற்றப் பெண்கள்மேல் பழியாகவும் விழுகிறது: அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை? வேலை இருந்ததா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

"அப்படின்னா அந்த 'உம்' வேண்டாமாம்மா? அவங்க பட்ட பாடு தெரியாமப் போயிடுமே" என்றாள் அவள்.

பாடு தெரியத்தான் வேண்டும். அவருடைய பெருமையாக மட்டுமல்ல, நாம் வைத்த தடையின் கணக்காகவும்.

மணி அடித்தது. அவள் எழுந்தாள். "நானும் ஸ்கூல் டீம்ல ஆடினேம்மா. கல்யாணம் நிச்சயமானதும் நிறுத்திட்டாங்க. இது எந்த உம்மை?"

நன்னூலின் எட்டு வகையிலும் தேடிக்கொண்டிருக்கிறேன்.